சிவப்பு நாடா ஒட்டிய ஹெல்மெட்

திங்கள், மே 4

தூறல். ஏழு பாகை. குடை மறுபடியும் ரயிலில் விடப்பட்டது.

எழுத வெட்கம். ஆனாலும் எழுதுகிறேன். இன்று மாலை முழு அணிக்கும் முன்னால் என் காற்சட்டை பிளந்தது.

தோளில் இரும்புத் தடி, இரண்டு பக்கமும் தட்டுகள். “முழங்கால் வெளியே, மூச்சு வயிற்றில், பெருமை வீட்டில்” என்று சொல்லிக்கொண்டே குந்தினேன். அடிவரை போனதும் பழைய வேட்டி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். கையால் பொத்தவும் வழியில்லை, இரண்டு கையும் தடியில். எழும்பத்தான் வேண்டும். எழும்பினேன். உள்ளே, நத்தார்ப் பண்டிகைக்கு மனைவி ரெஜி வாங்கித் தந்த மான் படம் போட்டது.

கைதட்டல். விசில். ஓலா (நூற்றி இருபத்தைந்து கிலோ, கதவு திறந்திருந்தாலும் சுவரால் வருகிற சாதி) குனிந்து ஆராய்ந்துவிட்டு:

“அன்ரன், இடப்பக்க மானுக்கு மூக்கில்லை.”

வீட்டுக்கு வந்து ரெஜியிடம் கொடுத்தேன். கறுப்பு நூல் இல்லையாம். திரைச்சீலை தைத்த மஞ்சள் நூலால் இடுப்பிலிருந்து கீழ்வரை ஒரே ஓட்டம்.

“என்னப்பா இது, கறுப்புக் காற்சட்டையிலை மஞ்சள் ரோட்டுப் போட்டிருக்கிறீர்?”

“பின்னாலைதானே. உங்கட பின்பக்கத்தை ஆர் பாக்கப் போகினம்?”

இருபத்திரண்டு வருடக் கலியாணத்தின் சாரம். மற்றக் காற்சட்டை அழுக்குக் கூடையில். நாளைக்கும் இதுதான்.

வெள்ளி நேர்முகம். கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்போல் அணிக்கு உடல்வலுப் பயிற்றுநர். இப்போது எனக்கு நாற்பது வீத வேலை, மீதி அறுபதும் முதியோர் இல்லத்தில். இது முழுநேரம், நிரந்தரம். கிடைத்தால் ஓய்வூதியம்வரை அசைய வேண்டாம். கிடைக்காவிட்டால் கிழவிகளைக் கதிரையில் இருத்தி இரப்பர் பட்டியுடன் பயிற்சி. (போன மாதம் இரண்டு பேர் அந்தப் பட்டியாலேயே ஒருவரையொருவர் விளாசினார்கள். விலக்கப்போன எனக்கும் ஒன்று.)

விண்ணப்பத்தில் “தொழில் பாதை” என்று ஒரு பகுதி. உண்மையை எழுதினால் இப்படி வரும்:

- நொர்வேயின் வடக்கு முனை, மீன் தொழிற்சாலை. உறைந்த மீன் பெட்டி தூக்கல். மற்றவர்களுக்கு நாரி (இடுப்பு) போனது, எனக்குப் போகவில்லை. காரணம் திறமை அல்ல, சோம்பல். பாதிப் பெட்டிதான் தூக்குவேன்.
- ஒஸ்லோ. ஜிம்மில் நிலம் துடைத்தல். துடைத்தபடியே ஒருவனிடம் “முழங்கால் உள்ளே போகுது” என்றேன். அவன் முழங்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் பல் போனது. வழக்குக்குப் பயந்த மனேஜர் என்னைப் பயிற்றுநர் கோர்சுக்கு அனுப்பினார்.
- ஆக, ஒரு பல் விலைக்கு ஒரு தொழில்.

வாங்க: தேங்காய்ப்பால், ஜன்னல் பிசின்.

செவ்வாய், மே 5

வெயில்! ஜக்கெட் இல்லாமல் வெளிக்கிட்ட முதல் நாள். ரயிலில் எல்லா நொர்வேக்காரரும் கண்ணை மூடி முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பியபடி, வடகம் காயப்போட்ட மாதிரி.

பயிற்சி. தலைமைப் பயிற்றுநர் ஸ்டைனார் சேவல் வட்டம் விடுகிற நாள். பெயர் நான் வைத்தது. ஒருவன் பந்துடன் நடுவில். மற்றவர்கள் சுற்றிவர. ஸ்டைனார் ஒரு இலக்கத்தைக் கத்துவார், அந்த இலக்கக்காரன் பாய்ந்துவந்து மோதுவான். எந்தப் பக்கத்தால் வருவான் என்று நடுவில் நிற்பவனுக்குத் தெரியாது. அமெரிக்காவிலேயே கைவிட்டுவிட்டார்களாம். ஸ்டைனார் ஒரு வருடம் டெக்சாஸில் படித்தவர். அந்த உச்சரிப்பையும் இந்த வட்டத்தையும் இன்னும் இறக்கி வைக்கவில்லை. மனைவியைத்தான் இறக்கி வைத்தார், போன வருடம். (அவர் மனைவி இப்போது ஒரு பல் வைத்தியருடன். எங்கள் அணியால் அந்த மனிதருக்கு நல்ல வியாபாரம்.)

நான் வட்டத்துக்குள் மெத்தைக் கேடயம் பிடித்து நிற்பேன். வெறுந்தலை.

“அன்ரன், தலையில் எதையாவது போடு.”

“இது தேங்காய், ஸ்டைனார். உள்ளே தண்ணீர் மட்டும்தான்.”

தினசரி உரையாடல்.

இன்றைய சேதம்: லார்ஸின் மோதிரவிரல் பக்கவாட்டில் திரும்பியது. பிடித்து இழுத்து நேராக்கினேன். அவன் என் தாயைக் கேவலமாகத் திட்டி, பிறகு நன்றி சொன்னான். ஒரு மூக்கு உடைந்து, சட்டை முன்பக்கம் முழுக்க இரத்தம். அவன் அதோடு செல்ஃபி எடுத்தான். செயற்கைப் புல்லின் கறுப்பு இரப்பர் மணிகளுக்கு நடுவே ஒரு பல் கிடந்தது. உரிமை கோர ஆளில்லை.

பிறகு அது.

நடுவில் நிரோஷன். எங்கள் நிரோஷன், எல்லிங்ஸ்ருட்டில் இருக்கிற பற்றிமா அக்காவின் மகன், இஞ்சினியரிங் மூன்றாம் வருடம், இந்த அணியின் ஓட்டக்காரன். ஸ்டைனார் கத்தியது ஓலாவின் இலக்கம். ஓலா ஓட ஆரம்பித்தால் நிலம் சொல்லும். மோதல். பனங்காய் விழுந்த சத்தம் என்று எழுதலாம், ஆனால் பனங்காய்க்குப் பிறகு அமைதி வரும். இதற்குப் பிறகு ஒரு கூவல், விடாமல். மிக அருகில் நின்று பார்த்துவிட்டேன். அவ்வளவு அருகில் நின்றிருக்கக் கூடாது.

பதற்றத்தில் மீதி ஒழுங்காக நினைவில்லை. துண்டு துண்டாக: வானம். ஓலாவின் முகம், அழப்போகிற முகம். குப்பைத்தொட்டியடியில் நிரோஷன். சத்தி (வாந்தி). என் சப்பாத்தெல்லாம் தெறித்துவிட்டது. “இண்டைக்கு என்ன கிழமை?” என்ற கேள்வி. செவ்வாய் என்ற பதில். திரும்ப அதே கேள்வி. பாவம் பிள்ளை.

அணியின் பிசியோ இங்கரிட் பென்சில் லைட்டுடன் வந்தாள். “இன்று அவரைத் தனியே விட வேண்டாம்” என்றாள். நானும் நிரோஷனும் ஒரே நேரத்தில் சரி என்றோம்.

அவன் நிலைமை எவ்வளவு மோசமென்றால், எல்லிங்ஸ்ருட்டுக்குப் போக வேண்டியவன் என்னுடன் ரயிலேறி ஹொல்ம்லியாவில் எங்கள் வீடுவரை வந்துவிட்டான். பட்டணத்தின் மறுபக்கம்! திசையே தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டான், பிடிக்க விட்டேன். வீட்டில் தேத்தண்ணி கொடுத்தேன். ரெஜி வேலையால் வந்ததும் இரண்டு பேரும் குசினிக்குள் நொர்வேஜிய மொழியில் குசுகுசு. இந்தப் பிள்ளைகளுக்குப் பாரமான விஷயம் தமிழில் வராது.

குளிக்கும்போது என் காதுக்குள்ளிருந்து இரண்டு இரப்பர் மணி. இந்தச் சனியன் எங்கும் போகும். போன கிழமை புட்டுக்குள்ளும் ஒன்று.

புதன், மே 6

வெயில். தேவைக்கு மேல் வெயில். திரைச்சீலையை இழுத்துவிட்டு எழுதுகிறேன்.

தலையிடி. கோப்பி குறைந்தது காரணம்.

இரவு ரெஜி தட்டி எழுப்பி என் பெயர் என்ன என்று கேட்டாள். முதியோர் இல்லத்தில் மறதி நோய்க் கோர்ஸ் படிக்கிறாள், வீட்டில் என்னில்தான் பரீட்சை.

“உங்கட பேர் என்ன?”

“கலியாண எழுத்துப் பத்திரத்திலை பாரும்.”

“விசர்க்கதை கதையாமல் சொல்லுங்கோ.”

“அந்தோனிப்பிள்ளை அன்ரன் யோகராசா. இப்ப நீர் ஆர் எண்டு நான் கேக்கட்டே?”

சிரிக்கவில்லை. காலையில் என்னைக் கேட்காமல் முதியோர் இல்லத்துக்கு எனக்குச் சுகமில்லை என்று அறிவித்தும் விட்டாள். நேர்முகத்துக்குத் தயார் பண்ணட்டும் என்ற யோசனையாக்கும். நல்லவள்தான்.

அவள் வெளிக்கிட்டதும் நான் கல்லூரிக்கு. எங்கள் அணியில் ஒரு வழக்கம், நான் கொண்டுவந்தது: ஹெல்மெட்டின் பின்னால் நிற நாடா. பச்சை என்றால் மோதலாம். மஞ்சள் என்றால் மெதுவாக. சிவப்பு என்றால் யாரும் அவனைத் தொடக்கூடாது, போட்டியும் இல்லை. நாடா ஒட்டுகிற உரிமை எனக்கு மட்டும். இந்த நாற்பது வீத வேலையில் எனக்கிருக்கும் நூறு வீத அதிகாரம் அதுதான்.

நிரோஷனின் ஹெல்மெட்டில் சிவப்பு ஒட்டினேன். இரண்டு சுற்று.

ஸ்டைனார் கண்டுவிட்டு என் தோளில் கை போட்டார். அந்த மனிதர் யாரையும் மெதுவாகத் தொட்டதை நான் கண்டதில்லை.

“அன்ரன், இந்த வாரம் நீ வர வேண்டாம். சனிக்கிழமைப் போட்டிக்கும் வேண்டாம். வீட்டில் படு. வெள்ளி நேர்முகத்தைத் தள்ளிவைக்கவும் சொல்கிறேன்.”

விளங்கிவிட்டது! சனிக்கிழமை பருவத்தின் முதல் போட்டி, பெர்கன்காரருடன். நிரோஷன் இல்லாவிட்டால் தோல்வி. நான் இருந்தால் நிரோஷன் இல்லை. ஆகவே நான் இருக்கக் கூடாது. அதற்கு விலையாக என் நேர்முகமும். வேலைக்கு அவருடைய சிபாரிசுதான் முதலாவது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வெளியே வந்து கோப்பி மெஷினுக்கு ஒரு குத்து விட்டேன். மெஷின் வென்றது. விரல் மூட்டு வீக்கம்.

நான் சண்டைக்காரன் இல்லை. மன்னாரில் பள்ளிக்கூடத்தில் அடி வாங்குகிற பக்கத்தில்தான் நிரந்தரம், அது மட்டும்தான் நிரந்தரமாகக் கிடைத்த பதவி. ஆனால் இன்று ஸ்டைனாரின் கழுத்தைப் பார்த்தபோது எந்த இடத்தில் பிடிக்கலாம் என்று கை கணக்குப் பார்த்தது.

தேங்காய்ப்பால் வாங்கினேன்.

வியாழன், மே 7

முகில். நல்லது. கண்ணுக்குச் சுகம்.

சிவப்பு நாடா இல்லை. பிசுபிசுப்பு மட்டும் மிச்சம். மேலே புத்தம்புதுப் பச்சை.

நிரோஷனைப் பாரம் தூக்குகிற அறையில் பிடித்தேன். இடுப்பால் இரும்புத் தட்டைத் தூக்கி எறிகிற பயிற்சி செய்துகொண்டிருந்தான். மூளை கலங்கினவன்!

“ஆரடா நாடாவைக் கழட்டினது?”

“மாமா, நீங்கள் ஏன் இஞ்சை வந்தனீங்கள்? அன்ரி வீட்டிலை இருக்கச் சொன்னவவெல்லோ?”

“கேட்டதுக்கு மறுமொழி சொல்லு.”

“இங்கரிட்தான் கழட்டினவ. என்னை செக் பண்ணினவ. எனக்கு ஒண்டுமில்லை மாமா. உங்களுக்குத்தான்...”

“எனக்கென்ன? எனக்கு வேலை போகும், அதுதானே? போகட்டும்!”

“ஐயோ மாமா, நான் சொல்லுறதைக் கேளுங்கோவன் ஒருக்கா.”

“தலையிலை அடிபட்ட எல்லாரும் முதல் சொல்லுறது ‘எனக்கு ஒண்டுமில்லை’. அதுதான் அந்த வருத்தத்தின்ர முதல் குணம். கோர்சிலை படிச்சனான்.”

அவன் தட்டைக் கீழே வைத்தான். ஓலா பக்கத்தில் நின்று தன் சப்பாத்தைப் பார்த்தான். மலைபோன்ற ஆளுக்குக் கண் கலங்கியிருந்தது. குற்ற உணர்வு. இருக்கட்டும். ஒரு தட்டை எடுத்துச் சுவரில் எறிந்தேன். சீமெந்து உதிர்ந்தது. யாரும் திட்டவில்லை. இரண்டு வருடத்தில் முதல் தரம் அறை முழுக்க அமைதி. பயப்படுகிறார்கள் என்று கொஞ்சம் சந்தோஷம்கூட.

கடைசி வழி: தாய்க்குப் போன்.

பற்றிமா அக்காவுக்கு மகன் விளையாடுவது காலால் உதைக்கிற பந்து என்றுதான் எண்ணம். கோவிலில் எல்லாரிடமும் அப்படித்தான். திருத்த ஒருவருக்கும் துணிவில்லை. எனக்கும்தான்.

“அக்கா, நிரோஷன் இந்தச் சனிக்கிழமை விளையாடக் கூடாது. தலையிலை பலத்த அடி.”

“ஏன், தலையாலை கோல் அடிச்சவனோ?”

“இல்லையக்கா. ஒருத்தன் வந்து மோதினவன்.”

“அப்ப பெனால்ட்டி குடுத்தவங்களோ இல்லையோ?”

“அக்கா...”

“அன்ரன், நீர் ஏன் ஒரு மாதிரிக் கதைக்கிறீர்? நாக்கு இழுக்குது. குடிச்சனீரோ? தவக்காலம் முடிஞ்சாப்போலை எல்லா ஆம்பிளையளும் துவங்கிட்டியள்.”

போனை வைத்துவிட்டா. ஞாயிறு பூசைக்குள் ஹொல்ம்லியா முதல் ரொம்சோஸ்வரை நான் குடிகாரன்.

வரும் வழியில் தேங்காய்ப்பால். ரெஜி குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தபடி நின்றாள்.

“இதென்ன, கடை போடப் போறியளோ? செவ்வாய், புதன், இண்டைக்கு.”

“மலிவு விலை.”

மலிவு விலை இல்லை. ஏன் அப்படிச் சொன்னேன் தெரியாது.

திங்கள் காலை வீட்டு டொக்டரிடம் எனக்கு நேரம் எடுத்திருக்கிறாள். கொலஸ்ட்ரோலாக்கும்.

வெள்ளி, மே 8

மழை. நேர்முகம். ஸ்டைனார் தள்ளிவைக்கப் பார்த்தார், நான் மறுத்துவிட்டேன்.

மேசைக்கு அந்தப்பக்கம் மூன்று பேர். நடுவில் விளையாட்டுத் துறைத் தலைவி துரீட். நல்ல மனுஷி, கம்பளி ஸ்வெட்டர், மேசையில் வாழைப்பழம். அவரை மூன்று தரம் ஆஸ்திரிட் என்றேன். ஆஸ்திரிட் முதியோர் இல்லத்தில், வயது தொண்ணூறுக்கு மேல், என் கையைக் கடித்தவர்.

மீன் தொழிற்சாலைக் கதை சொன்னேன். பாதிப் பெட்டி. சிரித்தார்கள். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சொல்ல ஆரம்பித்தேன்.

“அன்ரன், இதைச் சொல்லிவிட்டீர்கள்.”

“நல்ல கதைக்கு இரண்டு வாய்ப்புக் கொடுக்க வேணும்.”

சிரித்தார்கள், கொஞ்சம் குறைவாக.

கேள்வி: உங்கள் வேலையில் மிக முக்கியமானது என்ன?

எழுந்து நின்று சொன்னேன். எதற்கு எழுந்தேனோ. “நான் இந்தப் பிள்ளைகளை மோதுவதற்குத் தயார் பண்ணுகிறேன். கழுத்தைத் தடிப்பாக்குகிறேன், தொடையை மரமாக்குகிறேன். அவர்கள் ஒருவரையொருவர் உடைப்பதற்கு நான்தான் இரும்பு கொடுக்கிறேன். ஆனபடியால் எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்கிற ஆளும் நானாகத்தான் இருக்க வேண்டும். நாளைக்கு ஒரு பையன் உடைந்த தலையோடு இறங்கப் போகிறான். இறங்கினால் நீங்கள் எல்லாரும் கொலைகாரர்.”

துரீட் வாழைப்பழத்தைத் தள்ளி வைத்தார். யார் அந்தப் பையன் என்று கேட்டார். சொன்னேன். குறித்துக்கொண்டார். “விசாரிக்கிறேன்” என்றார். பிறகு, “உங்களுக்கு வீட்டுக்குப் போகத் துணை வேண்டுமா?” என்றார்.

வேலை போனது என்று எழுதிவைக்கிறேன். பிறகு ஏமாற வேண்டாம்.

ரயில் கண்ணாடியில் என் முகம். இடது காதுக்கு மேல் ஒரு வீக்கம். தொட்டால் நோகிறது. கட்டில் சட்டத்தில் இடித்திருப்பேன்.

சனி, மே 9

எழுத்துக் கோணல். ரெஜி எழுத வேண்டாம் என்றாள். அவள் குளிக்கிற நேரம் இது.

நடந்தது, நடந்த ஒழுங்கில்:

காலை ரெஜி வேலைக்கு. நான் மைதானத்துக்கு. மஞ்சள் தையல் காற்சட்டைதான், மற்றதைத் தேடப் பொறுமையில்லை. கொடிகள். பெற்றோர்கள் வாபிள் சுடுகிறார்கள். பெர்கன்காரர் பஸ்ஸிலிருந்து இறங்குகிறார்கள், ஒவ்வொருவனும் குளிர்சாதனப் பெட்டி அளவு.

உடைமாற்றும் அறை காலி, எல்லாரும் வெளியே சூடேற்றம். நிரோஷனின் ஹெல்மெட் அலுமாரி மேல். ஹெல்மெட் இல்லாமல் நடுவர் இறங்க விடமாட்டார். எடுத்தேன். எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். அதுதான் திட்டம். கதவு திறந்தது. ஸ்டைனார். பின்னால் முழு அணி.

“அன்ரன். அதை வை.”

“மாட்டேன்.”

“நீ இங்கே இருக்கக் கூடாது என்று சொன்னேன்.”

“தெரியும் ஏன் சொன்னாய் என்று.”

அவர் கை நீட்டினார். பறிக்க முடியாத இடம் எது என்று யோசித்தேன். தலை. போட்டுக்கொண்டேன். காது மடங்கிவிட்டது, நோவில் உயிர்போனது. கம்பிக்குள்ளால் பார்த்தால் எல்லாரும் சிறையில் இருக்கிற மாதிரி.

ஸ்டைனார் முகக் கம்பியைப் பிடித்தார். இழுத்தாரா, நிறுத்தினாரா தெரியாது. நான் குந்தினேன். முழங்கால் வெளியே, மூச்சு வயிற்றில். எழும்பினேன், முழு வேகத்தில், நெற்றி முன்னே. இந்த அசைவை ஆயிரம் பேருக்குப் படிப்பித்திருக்கிறேன். வாழ்க்கையில் முதல் தரம் சரியாகச் செய்தேன்.

அவர் மூக்கு உடைகிற சத்தம் ஹெல்மெட்டுக்குள் எதிரொலித்தது. கோழிக்கால் கடிக்கிற சத்தம். இரத்தம் என் கம்பியில், அவர் தாடியில், பச்சை வெள்ளைச் சட்டையில், நிலத்தில். அவர் விழுந்தார். நான் மேலே. வீங்கிய கையாலேயே குத்தினேன். வாயில் இரும்பு ருசி, யாருடைய இரத்தம் தெரியாது. ஒன்று எழுதிவைக்க வேண்டும்: சந்தோஷமாக இருந்தது. மீன் பெட்டி, நிலத்துடைப்பம், போன பல், எல்லாவற்றுக்கும் சேர்த்துக் குத்திய மாதிரி. அவர் திருப்பி அடிக்கவேயில்லை. கைகளை விரித்துப் பிடித்து “அன்ரன், அன்ரன்” என்று மட்டும். அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

ஓலா பின்னாலிருந்து என்னைக் கட்டித் தூக்கினான், சின்னப் பிள்ளையைத் தூக்குவது போல. கால் உதைத்தேன், உட்காருகிற வாங்கு சரிந்தது, தண்ணீர்ப் போத்தல்கள் உருண்டன. நிரோஷன் என் முகத்துக்கு முன்னால் முழங்காலில்.

“மாமா, போதும். என்ர செல்ல மாமா, போதும். கழட்டுங்கோ.”

“நீ இறங்காதை. சத்தியம் பண்ணு. மாதா மேலை.”

“மாமா...”

“பண்ணு!”

பண்ணினான். அழுதுகொண்டே. நான் ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்தேன். வாசலில் துரீட், கையில் வாபிள் தட்டு. வாபிள் ஒன்று நிலத்தில், ஜாம் பக்கம் கீழே.

பிறகு லேகவக்ட், அவசர வைத்தியசாலை. ரெஜி வேலை உடையிலேயே வந்தாள். இளம் டொக்டர், பென்சில் லைட், விரலைப் பின்தொடரச் சொன்னார்.

“இது இரண்டாவது மூளை அதிர்ச்சி. முதலாவது எப்போது?”

“முதலாவது எனக்கில்லை. பையனுக்கு.”

டொக்டர் ரெஜியைப் பார்த்தார். ரெஜி ஜன்னலைப் பார்த்தாள்.

நிரோஷன் இறங்கவில்லை. சத்தியத்தைக் காப்பாற்றினான். அணி தோற்றது, மிகக் கேவலமாக. ஸ்டைனார் பொலிசுக்குப் போகவில்லையாம், மூக்கில் பஞ்சோடு கடைசிவரை நின்றாராம். வேலை போனது. ஆனால் பிள்ளையின் தலை தப்பியது. ஐம்பது வயதுக்குள் ஒரு நல்ல காரியம்.

தண்ணீர் நிற்கிற சத்தம். ரெஜி வரப்போகிறாள்.

ஞாயிறு, மே 10

திரை மூடியிருக்கிறது. வானிலை தெரியாது.

பூசைக்குப் போகவில்லை. பற்றிமா அக்கா இடியப்பம் அனுப்பியிருக்கிறா, “குடியை விடச் சொல்லு” என்ற செய்தியுடன். கொண்டுவந்தவன் நிரோஷன். கட்டில் நுனியில் இருந்து விரல் முறித்தான்.

“மாமா, கோவிக்க மாட்டியளெண்டால் ஒண்டு காட்டவோ?”

ஸ்டைனார் எல்லாப் பயிற்சியையும் கம்பத்து கமெராவால் படம் பிடிப்பார். செவ்வாய்க்கிழமைப் படம். ரெஜி போனின் வெளிச்சத்தைக் குறைத்துப் பிடித்தாள். ஒருதரம் மட்டும், உடனே மூட வேண்டும் என்ற நிபந்தனையுடன்.

சேவல் வட்டம். நிரோஷன் நடுவில், பந்துடன். ஓலா வருகிறான். நிரோஷன் ஒரு பக்கம் வெட்டி விலகுகிறான், அழகாக, ஒரு முடிகூடப் படவில்லை. ஓலாவால் நிற்க முடியவில்லை. வட்டத்துக்குள் மெத்தைக் கேடயத்துடன் ஒரு உருவம், அது போய் விழுகிற தூரம் நம்ப முடியாத தூரம். பிறகு எல்லாரும் ஓடுகிறார்கள்.

கடைசிக் காட்சி குப்பைத்தொட்டி. தொட்டியைக் கட்டிப்பிடித்தபடி ஒருவர் முழங்காலில், முதுகு கமெராவுக்கு. பக்கத்தில் நிரோஷன் குனிந்து முதுகைத் தடவுகிறான், வாய் அசைகிறது, செவ்வாய், செவ்வாய் என்று. தொட்டிக்காரரின் முகம் தெரியவில்லை.

கறுப்புக் காற்சட்டை. பின்பக்கம், இடுப்பிலிருந்து கீழ்வரை, மஞ்சள் நூல்.